கப்பல் மாடி

தண்ணீர் பீய்ச்சும் இன்ஜினை வண்டியிலிருந்து இன்னும் இறக்கவே இல்லை. அதற்குள் மாடியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

தட்சிணாமூர்த்தி கடைசிப் படியிலேயே நின்று தன் கையை முகர்ந்து பார்த்தார். வேட்டி நுனியை முகர்ந்து பார்த்தார். காலையில் பொழிச்சலூரில் டாங்கியில் எண்ணெய் ஊற்றியவன் அவருடைய வேலையாள் சாலமோன்; அவர் டின்னைத் தொடக்கூட இல்லை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த ஐப்பசி மழை சுவர்களையும் தென்னங்கீற்றுகளையும் தெருவையும் அலசி விட்டிருந்தது. காற்றில் ஈரமண்ணும் அழுகிய இலையும் மட்டுமே மணக்க வேண்டிய காலை. ஆனாலும் அந்த வாடை இருந்தது. பலகைகளின் இடுக்கிலிருந்து, உள்ளே யாரோ வாயைத் திறந்து மூடுவதுபோல, வருவதும் போவதுமாக இருந்தது.

கீழே நிற்கும் வண்டியிலிருந்து ஏறி வருகிறது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். சொன்னதும் அதை நம்பினார். ஒன்றை நம்புவதென்று முடிவு செய்தால் நம்பிவிடக் கூடியவர் அவர்.

கீழ்க்கட்டளையில் அந்த வீட்டுக்குக் கப்பல் மாடி வீடு என்று பெயர். மரவாடி லோகநாதன், துறைமுகத்தில் உடைத்த ஏதோ ஒரு பழைய கப்பலின் மேல்தளத்துத் தேக்கை ஏலத்தில் எடுத்து, மாடி அறைக்கு முன்னால் பெரிய திறந்த தளமாகப் போட்டிருந்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கப்பலில் போலவே கருப்பாகத் தார்போன்ற கீல் ஊற்றியிருந்தது. தட்சிணாமூர்த்தி தன் மூத்த மகள் பொன்னியை இந்த வீட்டுக்குக் கொடுத்தபோது, கல்யாணத்துக்கு வந்த சனம் லோகநாதனின் மகன், மாப்பிள்ளை கேசவனைப் பார்த்ததைவிட அந்தத் தளத்தைத்தான் அதிகம் பார்த்தது. வெறும் எண்ணெய் தேய்த்து, தேன் நிறத்தில் பளபளத்த மரம். இன்று அதன்மேல் காவி நிறப் பெயிண்ட் தடிமனாகப் பூசிக் கிடந்தது. அதுவும் நடுவில் ஒட்டவில்லை. ஓர் ஆள் படுக்கும் அளவுக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, சில இடங்களில் வெடித்து, தோல் உரிந்ததுபோல் தொங்கியது.

ஹோஸ் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே வந்த சாலமோன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா சார் இது, மரவாடிக்காரரு தேக்குக்குப் போயி பெயிண்ட் அட்ச்சிக்கீறாரு. தங்கத்துக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரிகீது."

"மழைக்காக அடிச்சிருப்பாரு. நீ உன் வேலையப் பாரு."

"மழைக்குப் பயந்தா கப்பல் ஓடுமா?" என்று முனகிக்கொண்டே அவன் இன்ஜினை இறக்கப் போனான்.

தட்சிணாமூர்த்தி மணியக்காரர் வீட்டுப் பேரன். பொழிச்சலூரில் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நிலமெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் வீடாகி, வீடுகளில் ஆபீசுக்குப் போகிறவர்கள் குடிவந்த பிறகு, உட்கார்ந்து சாப்பிடுவது கௌரவமில்லை என்று அவருக்குத் தோன்றியது. பெருங்களத்தூரில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில், கல்லாய்க் காய்ந்த சேற்றைத் தண்ணீரே உளிபோலப் பெயர்த்து எறிவதைப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி எழும்புகிற காலம். பாசி பிடித்த சுவருக்கும் பெயிண்ட் உரிந்த கதவுக்கும் இதே தண்ணீர் போதுமே என்று நினைத்தார். பழைய பம்பு ஒன்றை வாங்கி மண்ணெண்ணெய் இன்ஜின் பூட்டினார். லாரி கழுவிக்கொண்டிருந்த சாலமோனைச் சேர்த்துக்கொண்டார். மணியக்காரர் பேரன் சுவர் கழுவப் போகிறானாம் என்று பங்காளிகள் சிரித்தார்கள். காண்டிராக்ட் என்று சொல்லுங்கள் என்று அவர் திருத்தினார்.

வேலையைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டார். முதல் சுவரில் ஹோஸ் முனையின் நாசிலை நெருக்கிப் பிடித்ததில் பூச்சு மொத்தமாகக் கழன்று விழுந்தது. இரவோடு இரவாகக் கொத்தனாரை வைத்துப் பூசினார், யாரிடமும் சொல்லவில்லை. காஸ்டிக் சோடா கரைசலைத் தடவினால் பழைய பெயிண்ட் பாலேடுபோலச் சுருங்கும், அப்போது அடித்தால் உரியும் என்று தெரிந்துகொண்டார். ஆனால் அதே காஸ்டிக் தேக்கைக் கறுக்கடிக்கும் என்பது ஒரு வக்கீல் வீட்டுக் கதவு கரிக்கட்டையாக மாறிய பிறகுதான் தெரிந்தது. கெட்டிப் புளித்தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது கறுப்பு விட்டு மரம் பழைய நிறத்துக்கு வந்தது. அன்றிலிருந்து வண்டியில் ஒரு பானைப் புளிக்கரைசல் இல்லாமல் அவர் வேலைக்குப் போவதில்லை.

"வாங்க சம்மந்தி." லோகநாதன் மேல்படியில் தலையை மட்டும் காட்டினார். தளத்தில் கால் வைக்கவில்லை. "வெளியாள் வேணாம்னுதான் உங்களக் கூப்ட்டேன். வெள்ளிக்கெழமைக்குள்ள பழைய மாதிரி ஆயிடணும்."

"ஆயிடும்."

"காபி குடிக்கிறீங்களா?"

"அதெல்லாம் பழக்கமில்லைங்க. தெரிஞ்சதுதானே."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கும் வரை கை நனைக்காத குடும்பம் அவருடையது. அந்தப் பெண் இப்போது இந்த வீட்டில் இல்லை என்பதற்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

பொன்னி ஓடிப்போய்விட்டாள்.

நவராத்திரி முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் லோகநாதன் பொழிச்சலூருக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே அதைச் சொன்னார். "யாரோடன்னு கேக்காதீங்க சம்மந்தி. எனக்குச் சொல்ல வாய் வரல." தட்சிணாமூர்த்தி கேட்கவில்லை. யாரோடு என்று கேட்கவில்லை. எந்த வழியாகப் போனாள், என்ன உடுத்தியிருந்தாள், எதை எடுத்துக்கொண்டு போனாள் என்று எதையும் கேட்கவில்லை. மணியக்காரர் வீட்டு ஆண் அடுத்தவன் முன்னால் நின்று தன் பெண்ணைப் பற்றிக் கேள்வி கேட்பதா? கேட்டால் அது கேட்ட இடத்தோடு நிற்குமா? மனைவி கங்கம்மாவைக் கூப்பிட்டு, முன்கட்டில் அழக்கூடாது என்றார். கேட்பவர்களிடம் பொன்னி உடம்பு சரியில்லாமல் பம்பாயில் தாய்மாமன் வீட்டில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அவள் ஒருநாள் தனியாக, கையில் பைகூட இல்லாமல், பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். "அங்க பயமா இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே அவளைக் கூட்டிவந்து இந்த வீட்டு கேட்டுக்குள் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

லோகநாதன் அடுத்த முறை வந்தபோது உட்கார்ந்தார். இளையவள் கங்காவைக் கேட்டார். "ஓடினவள செத்தவள்னே வெச்சுக்குவோம். மூத்தவ போன எடத்துக்கு எளையவளக் குடுக்கறது நம்ம சனத்துல இல்லாததா? ரெண்டு குடும்பத்து மானமும் ஒரே முடிச்சுல கீது சம்மந்தி." அவமானத்தோடு நிற்கும் தன்னிடம் மறுபடியும் சம்பந்தம் பேசுகிறாரே என்று தட்சிணாமூர்த்திக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. வெள்ளிக்கிழமை, இந்தத் தளத்திலேயே, ஊரைக் கூட்டாமல் தட்டு மாற்றுவது என்று முடிவானது.

காஸ்டிக் கரைசலைத் தென்னை நார்க் கட்டையால் தடவி முடித்தபோது வெயில் வந்திருக்க வேண்டிய நேரம். வரவில்லை. மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கி நின்றது. காவிப் பெயிண்ட் மெல்ல மெல்லச் சுருங்கி, நெளிந்து, தன்னைத்தானே உரித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. சின்னச் சின்னச் சரசரப்புச் சத்தம், தட்டில் போட்ட உப்பின்மேல் எதுவோ ஊர்வதுபோல. தளத்தின் பின்னால் இருந்த அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பொன்னியும் கேசவனும் இருந்த அறை. அந்தக் கதவுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும் புதிதாகப் பலகை வைத்து அடித்திருந்ததை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாலமோன் கயிற்றை இழுத்தான். இன்ஜின் இருமி, புகைந்து, பிடித்துக்கொண்டது. ஹோஸ் பாம்புபோல விறைத்தது. அவர் தண்ணீர்த் துப்பாக்கியை இடுப்போடு அணைத்துப் பிடித்து, நார் ஓடும் போக்கிலேயே, ஒரு முழம் தள்ளிப் பிடித்து அடித்தார். பெயிண்ட் குழம்பாகிக் கரைந்து ஓரத்துக் குழாயில் சிவப்பாக ஓடியது. ஓரத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நல்ல மரம். கை நீட்டித் தடவத் தோன்றும் மரம். அவர் மனசு லேசானது. இந்த வேலை தனக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்.

நடுவுக்கு வந்ததும் தண்ணீர் நிற்க மறுத்தது.

பட்டதெல்லாம் சேம்பிலையில் விழுந்த மழைபோல உருண்டு ஓடியது. மரம் குடிக்கவில்லை. நெய்யோ கொழுப்போ உள்வரைக்கும் இறங்கிய மரம்தான் இப்படித் தண்ணீரை உதறும். பெயிண்ட் போன இடத்தில் கருப்பு தெரிந்தது. காஸ்டிக்கின் கருப்பாக இருக்கும் என்று சாலமோனிடம் சொல்லிப் புளித்தண்ணீரை ஊற்றச் சொன்னார். சுற்றிலும் இருந்த கருமை கண்ணெதிரே விலகி மரம் வெளுத்தது. நடுவில் இருந்தது விலகவில்லை. சுற்றியிருந்த மரம் வெளுக்க வெளுக்க அதற்கு விளிம்பு கிடைத்தது.

"சார்" என்றான் சாலமோன். "இன்ஜின நிறுத்தட்டா?"

"எதுக்கு?"

"ஏதோ பொசுங்குது சார். பெல்ட்டு இல்ல. நாத்தம் வேற மாரிகீது. முடி பொசுங்கற மாரி."

நிறுத்தினான். இன்ஜின் ஓய்ந்தது. ஆனால் சீறல் ஓயவில்லை. தண்ணீர் நின்ற பிறகும், ஹோஸ் தளர்ந்து விழுந்த பிறகும், பலகைக்குக் கீழே எங்கேயோ ஒரு பம்பு ஸ்டவ் எரிவதுபோல, விடாமல், மெல்லிசாக, அடங்காமல் ஒரு சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அதைக் கேட்டார்கள். பிறகு அது நின்றது. யாரோ திருகி அணைத்ததுபோல நின்றது.

தட்சிணாமூர்த்தி குனிந்தார். பலகை இடுக்கின் கீலில் ஒரு மயிரிழை ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. முழங்கை அளவு வந்த பிறகும் முடியவில்லை. அதன் பின்னால் மற்றொன்று, அதன் பின்னால் ஒரு கற்றை. நுனியெல்லாம் சுருண்டு, மணிமணியாகப் பொசுங்கியிருந்தது. கடைசியில் கீல் ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுக் கொடுத்தபோது, அந்தக் கற்றையோடு சேர்ந்து ஒரு வெள்ளி மெட்டி அவர் உள்ளங்கையில் விழுந்தது. வட்டமாக இல்லை. ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது.

கழற்றி எறிந்துவிட்டுப் போயிருப்பாள்.

அப்படித்தான் நினைத்தார். ஓடுகிறவள் மெட்டியோடா ஓடுவாள்? எறிந்திருப்பாள். அது இடுக்கில் விழுந்திருக்கும். மயிரும் அப்படித்தான், பெண்கள் தலை வாருகிற இடம். நிமிர்ந்தார். நிமிர்ந்து நின்ற உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் அது முழுதாகத் தெரிந்தது.

தலை. தோள். உடம்போடு ஒட்டிய இரண்டு கைகள். முழங்காலில் மடங்கிய கால்கள்.

மரத்துக்குள் யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

சாலமோன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். அவன் சிரித்துக்கொண்டிருந்த முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"நான் போறேன் சார்."

"வேலை முடியல."

"ஆக்சிடெண்ட் லாரியெல்லாம் கழுவிக்கீறேன் சார். ரத்தம், இன்னான்னாவோ. அதெல்லாம் தண்ணி பட்டா போயிடும். இத நான் கழுவ மாட்டேன்."

"பயமா?"

"பயந்தான் சார்." அவன் படியில் இரண்டு இறங்கிவிட்டுத் திரும்பினான். "சின்னப் பாப்பாவ இந்த வூட்டுக்கா குடுக்கப் போற நீ?"

"உன் எல்லையில நின்னு பேசு, சாலமோன்."

அவன் இறங்கிப் போனான். கீழே கேட் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

அவர் தனியாக நின்றார். தூறல் ஆரம்பித்திருந்தது. துளிகள் சுற்றியிருந்த மரத்தில் விழுந்து மறைந்தன. அந்த உருவத்தின்மேல் விழுந்தவை மட்டும் வியர்வைபோல மணிமணியாக நின்றன. நெற்றியில் நின்றன. மேலுதடு இருக்க வேண்டிய இடத்தில் நின்றன.

"கறை போவுமா சம்மந்தி?"

லோகநாதனின் மனைவி தாயாரம்மாள் மேல்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தலைக்கு ஒரு பிளாஸ்டிக் முறத்தைக் குடையாகப் பிடித்திருந்தாள்.

தட்சிணாமூர்த்தியின் உள்ளங்கையில் மெட்டி உறுத்தியது. "இது எப்படி வந்துது?" என்று கேட்டார். அந்த வீட்டாரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. ஏமாற்றம்போல ஒன்று வந்தது. "நீங்க கேக்க மாட்டீங்கன்னு சொன்னாரே அவரு."

மழை முறத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"கேக்க மாட்டீங்கன்னுதானே உங்களயே கூப்ட்டோம்" என்றாள் மெதுவாக. "வேற ஆளு வந்தா நாலு பேராண்ட பேசுவான். நீங்க உங்க வாயாலயே பம்பாய்னு ஊருக்குச் சொல்லிட்டீங்க. ஓடிப்போயிட்டாள்னு உங்க பங்காளிங்க காதுலயும் போட்டாச்சு. இனிமே மாத்திப் பேசினா யாருக்கு அசிங்கம்? எங்களுக்கு ஒரு பங்குன்னா உங்களுக்கு ஒம்போது பங்கு." முறத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னிக்கு பஸ்ஸ வுட்டு எறக்கி, கேட்ல கொண்டாந்து வுட்டதும் நீங்கதான். நாலு வூட்டுக்காரங்க பாத்துக்கினு இருந்தாங்க."

அவர் மெட்டியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"கேசவன் ஸ்கூட்டர் எடுத்துக்கினு பொழிச்சலூர் போயிருக்கான். கங்காவக் கூட்டியாரச் சொன்னேன். வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி ஒருவாட்டி வூட்டப் பாத்துக்கட்டும். அதுக்குள்ள முடிச்சிடுங்க. கொழந்த பயந்துக்கும்."

இறங்கிப் போனாள். ஒவ்வொரு படியிலும் நிதானமாகக் கால் வைத்துப் போனாள்.

பல்லாவரம் வரைக்கும் போனால் போலீஸ் ஸ்டேஷன். போகலாம். கையில் மெட்டி இருக்கிறது, தரையில் அவள் இருக்கிறாள். போய் என்ன சொல்வது? பெண் பம்பாயில் இருக்கிறாள் என்று நானேதான் ஊருக்குச் சொன்னேன் என்று சொல்வதா? தேடவில்லையா என்பார்கள். கேட்கவில்லையா என்பார்கள். பேப்பரில் வரும். மணியக்காரர் வீடு என்று பேர் போட்டு வரும். சிரித்த பங்காளிகள் துக்கம் விசாரிக்க வருவார்கள். கங்கம்மா முன்கட்டில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் தெருவே கேட்கும்படி அழுவாள். கோர்ட்டுக் கூண்டில் ஒரு வக்கீல், அவள் பயமாயிருக்கிறது என்றபோது நீர் என்ன செய்தீர் என்று கேட்பான். அதற்கு ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலைத் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

மெட்டியைத் தூர எறியவும் கைவரவில்லை. இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார்.

கயிற்றை இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இந்த முறை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவில்லை. ஒரு சாண். பிறகு நாலு விரல். தண்ணீர் மரத்தை அறுத்தது. கருப்புக் குழம்பு தெறித்து முழங்காலில், மார்பில், உதட்டில் பட்டது. கரித்தது. துப்பினார். தோளை அழித்தார். இடுப்பை அழித்தார். முகம் கடைசியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தார். தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்.

தோள் அங்கேயே இருந்தது. முன்னைவிட ஆழத்தில், முன்னைவிடத் தெளிவாக. ஆனால் கை இடம் மாறியிருந்தது. உடம்போடு ஒட்டியிருந்த கை இப்போது முகத்துக்கு முன்னால் உயர்ந்திருந்தது. தடுப்பதுபோல.

நிழல். மேகத்தின் நிழல்.

மறுபடி காஸ்டிக் ஊற்றினார். காத்திருக்கப் பொறுமையில்லை. அடித்தார். மரத்தின் நார்கள் எழும்பின. நாசில் நெருங்கினால் மரம் பஞ்சு விடும், அது அவருக்குத் தெரியும். அந்த நார்கள் கருப்பாக எழும்பின. நீளமாக எழும்பின. தண்ணீரின் போக்கில் ஒரு பக்கமாகப் படிந்து, வாரிவிட்டதுபோல் அலை அலையாகக் கிடந்தன. அவர் அதையும் அடித்தார். நிறுத்தினார். பார்த்தார்.

இரண்டு கைகளும் தலைக்கு மேலே. கால்கள் நீண்டிருந்தன. விரல்கள் பூட்டிய அறைக் கதவை நோக்கி நீட்டியிருந்தன. கதவின் கீழ்ப்பக்கம் புதிதாக அடித்த பலகையை நோக்கி.

அடித்தார்.

கைகள் மட்டும்.

அடித்தார்.

விரல்கள் மட்டும்.

கடைசியாக முகம். ஒருக்களித்திருந்த முகம் இப்போது அண்ணாந்திருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் கருப்பு. ஆனாலும் அது யாரைப் பார்க்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பஸ்ஸில் அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் ஏதாவது சொல்வாரா என்று கீழ்க்கட்டளை வரும் வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வந்த அதே பார்வை. அன்றும் அவர் திரும்பவில்லை. நாசிலை அதன் வாய்மேல் வைத்து அழுத்தினார். சீறல் ஒரு கணம் வேறு குரலாக மாறியது. மெல்லிசாக. உயரமாக. அவர் அழுத்தினார். அது நிற்கும் வரை அழுத்தினார்.

மிச்சமிருந்த புளித்தண்ணீர் முழுவதையும் பானையோடு கவிழ்த்தார்.

மரம் வெளுத்தது.

இன்ஜின் எண்ணெய் தீர்ந்து தானாகவே நின்றபோது மழையும் விட்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். தளம் சுத்தமாக இருந்தது. நடுப்பலகைகள் அரை விரல் தேய்ந்து குழிந்திருந்தாலும், புது மரம்போல, அன்று அறுத்ததுபோல இருந்தது. ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. லோகநாதன் மேலே வந்தார். முதல் முறையாகத் தளத்தில் கால் வைத்தார். குனிந்து தடவிப் பார்த்தார்.

"வேலைன்னா இது வேலை. மணியக்காரர் வூடுன்னா சும்மாவா?"

தட்சிணாமூர்த்தி முதுகை நிமிர்த்தினார். நிமிர்த்த முடிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்றது. கொலுசுச் சத்தம். தாயாரம்மாளின் குரல், என்றுமில்லாத இதமாக. லோகநாதன் வரவேற்கக் கீழே போனார்.

மேற்கே மேகம் விலகாமலே காற்று மட்டும் கிளம்பியது. ஈரத்தை உலர்த்தும் காற்று. தளம் ஓரங்களிலிருந்து காயத் தொடங்கியது. ஈரம் நாலு பக்கமும் பின்வாங்கி, சுவர்ப் பக்கம் வெளுத்து, படிப் பக்கம் வெளுத்து, நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருங்கியது. இன்னும் சுருங்கியது. பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

அவர் அழித்த இடம் இல்லை. அதற்குப் பக்கத்தில். கை படாத, நல்ல மரத்தில்.

காயாத ஈரம்.

தலை. ஒல்லியான தோள். தோளுக்கு இரண்டு பக்கமும் மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. பாவாடை விரிந்ததுபோல் அகலம். அதன் கீழே, தனித்தனியாக, இரண்டு சின்னப் பாதங்கள்.

"அப்பா."

கங்கா மேல்படியில் நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். இரட்டைச் சடையில் ரிப்பன் நனைந்து தொங்கியது. தாயாரம்மாளின் கை அவள் தோளில் இருந்தது. பின்னால் கேசவன், ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.

"போ கண்ணு" என்றாள் தாயாரம்மாள். "நடுவுல போய் நில்லு. உங்கப்பா எவ்ளோ அழகா பண்ணி வெச்சிருக்காரு பாரு."

அவள் வெறுங்காலோடு நடந்தாள். புது இடத்துக் கூச்சத்தில் தலை குனிந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கி, பிறகு நின்றாள். குதிகால் குதிகாலின்மேல் பதிந்தது. விரல்கள் விரல்களின்மேல் பதிந்தன. கொஞ்சமும் மிச்சமில்லை.

தட்சிணாமூர்த்தி எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

கங்கா ஒரு காலைத் தூக்கி மறு காலின்மேல் தேய்த்தாள். "அப்பா, இந்தப் பலகை சுடுதுப்பா."

"ஈரம்தான்" என்றார் அவர். "சும்மா நில்லு."

அவள் காலைக் கீழே வைத்தாள். நின்றாள். அவள் பாதங்களிலிருந்து தொடங்கி, கறுத்து, நீண்டு, அவளுடைய நிழலைப்போலப் பலகைகளின்மேல் படுத்திருந்தது அது. வானத்தில் வெயில் இல்லை. அவளைச் சுற்றி மரத்திலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பத் தொடங்கியது.